கிரேக்கப் புராணம் கார்ட்டூன் படமானது எப்படி? டிஸ்னியின் ‘ஹெர்குலிஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1997இல் டிஸ்னி வெளியிட்ட ‘ஹெர்குலிஸ்’ அனிமேஷன் படத்தைக் குழந்தைகளோடு பார்த்தவர்களும், கிரேக்கப் புராணத்தைப் படித்துவிட்டு இந்தப் படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ரத்தமும் பழியும் நிறைந்த ஒரு கதையை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து சிரித்துப் பார்க்கும் படமாக்கும்போது எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை விடுகிறார்கள், விட்டதால் என்ன போகிறது என்பதில்தான் என் அக்கறை. படத்தின் முடிவையும் சொல்லியே பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

படத்தின் கதை என்ன?

ஒலிம்பஸ் மலையில் ஸீயஸ், ஹேரா தம்பதிக்கு ஹெர்குலிஸ் பிறக்கிறான். பாதாள உலகின் அரசன் ஹேடிஸ், ஒலிம்பஸைப் பிடிக்கத் திட்டம் போடுகிறான். இந்தப் பிள்ளை வளர்ந்து எதிர்த்தால் திட்டம் பலிக்காது என்று விதிக் கிழவிகள் சொல்லிவிட, குழந்தையைத் திருடி வந்து அதன் தெய்வத்தன்மையைப் போக்கும் மருந்தைக் குடிக்கவைக்கச் சொல்கிறான். கடைசிச் சொட்டு உள்ளே போகவில்லை. அதனால் பிள்ளை மனிதனாகிவிட்டாலும் பலம் மட்டும் தங்கிவிடுகிறது.

மண்ணில் ஆம்பிட்ரியோன், அல்க்மீனி என்ற எளிய தம்பதி அவனை வளர்க்கிறார்கள். ‘உண்மையான வீரன்’ ஆனால்தான் ஒலிம்பஸுக்குத் திரும்ப முடியும் என்று ஸீயஸ் சொல்ல, ஃபில் என்ற குருவிடம் பயிற்சி எடுத்து, அரக்கர்களை அடித்து, பெரும் புகழ் பெறுகிறான். ஆனாலும் வானத்துக் கதவு திறக்கவில்லை. கடைசியில், இறந்துபோன மெக் என்ற பெண்ணை மீட்கத் தன் உயிரையே கொடுக்கத் துணிந்து பாதாளத்தில் இறங்கும்போதுதான் அவன் தெய்வமாகிறான். ஆனதும், அந்த வாழ்வு வேண்டாம் என்று சொல்லி மெக்கோடு மண்ணிலேயே இருந்துவிடுகிறான்.

ரான் கிளெமன்ட்ஸ், ஜான் மஸ்கர் இருவரும் சேர்ந்து இயக்கிய படம். ‘அலாவுதீன்’ படத்தை எடுத்ததும் இதே இருவர்தான். இசை ஆலன் மென்கன், பாடல் வரிகள் டேவிட் ஸிப்பல்.

புராணத்தில் உள்ள கதை எவ்வளவு வேறு?

தொடக்கமே வேறு. ஸீயஸ், ஆம்பிட்ரியோனின் உருவத்தை எடுத்துக்கொண்டு அவன் மனைவி அல்க்மீனியிடம் வருகிறான். அப்படிப் பிறந்தவன்தான் ஹெராக்ளிஸ். கணவனின் துரோகத்துக்குச் சாட்சியாக நிற்கும் அந்தப் பிள்ளையை ஹேரா ஆயுள் முழுக்கத் துரத்துகிறாள். தொட்டிலிலேயே இரண்டு பாம்புகளை அனுப்புகிறாள். குழந்தை இரண்டையும் நெரித்துக் கொல்கிறது. (படத்தில் பாம்புகள் மட்டும் இருக்கின்றன. அனுப்பியவள் பெயர் மாறிவிட்டது.)

வளர்ந்தபின் தீபஸ் அரசன் கிரேயோனின் மகள் மெகாராவை மணக்கிறான், பிள்ளைகள் பிறக்கிறார்கள். ஹேரா அவனுக்குப் புத்திபேதம் உண்டாக்க, தன் பிள்ளைகளைத் தானே கொன்றுவிடுகிறான். தெளிந்ததும் குறிசொல்லும் கோயில் உள்ள டெல்ஃபிக்குப் போய் வழி கேட்கிறான். யூரிஸ்தியஸ் என்ற, தன்னைவிடத் தாழ்ந்த அரசனுக்கு அடிமைபோல வேலை செய் என்று அங்கே சொல்லப்படுகிறது. 12 அருஞ்செயல்கள் என்று உலகம் கொண்டாடுவது அந்தத் தண்டனையைத்தான்.

சாவும் கொடுமையானது. அவனுடைய பின்னாளைய மனைவி டெயனெய்ரா, கணவனின் அன்பைத் திரும்பப் பெறும் மருந்து என்று நம்பி, நெஸ்ஸஸ் என்ற குதிரைமனிதனின் விஷ ரத்தம் தோய்ந்த ஆடையை அனுப்புகிறாள். அது தோலோடு ஒட்டி எரிக்கிறது. வலி தாங்க முடியாமல் ஈட்டா மலையில் தானே சிதை அடுக்கச்சொல்லி ஏறிப் படுக்கிறான். மனித உடல் எரிந்தபின் ஒலிம்பஸுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு, இளமையின் தேவதை ஹீபியை மணக்கிறான்.

பெயர் ஹெராக்ளிஸா, ஹெர்குலிஸா?

கிரேக்கர்கள் சொன்னது ஹெராக்ளிஸ், ரோமானியர்கள் சொன்னது ஹெர்குலிஸ். படத்தில் மற்ற தெய்வங்களுக்குப் பெரும்பாலும் கிரேக்கப் பெயர், நாயகனுக்கு மட்டும் ரோமப் பெயர். மக்களுக்குப் பழகியதை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இங்கே புராண நாயகனை ஹெராக்ளிஸ் என்றும் பட நாயகனை ஹெர்குலிஸ் என்றும் எழுதுகிறேன்.

ஹேராவை நல்ல அம்மாவாக்கியது ஏன்?

கள்ள உறவில் பிறந்த பிள்ளை என்பதைச் சொல்லாமல் ஹேராவின் கோபத்தை விளக்க முடியாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்ல இந்தப் படத்தை எடுத்தவர்கள் விரும்பவில்லை. காரணத்தை நீக்கியபின் கோபம் மட்டும் தனியே நிற்காது, ஆகவே அதுவும் போயிற்று. அது போனதும் கதைக்கு வில்லன் இல்லை. அந்த இடத்தில்தான் ஹேடிஸைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கல்லை உருவினால் மேலே உள்ள அத்தனையும் இடம் மாறவேண்டியிருக்கிறது. புராணத்தைத் தழுவி எழுதுபவர் யாரானாலும் இந்தச் சங்கிலி வேலை செய்யும் விதத்தை இந்தப் படத்தில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அப்படியானால் ஹேடிஸ் புராணத்தில் கெட்டவன் இல்லையா?

இல்லை. மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டுப் பங்கு பிரித்தபோது ஸீயஸுக்கு வானமும் பொசைடனுக்குக் கடலும் ஹேடிஸுக்குப் பாதாளமும் விழுந்தன. அவன் கடுமையானவன், இரக்கத்துக்கு எளிதில் இளகாதவன். ஆனால் அரியணைக்கு ஆசைப்பட்டு அண்ணன் தம்பியைக் கவிழ்க்கப் பார்த்தவன் கிடையாது. பெர்செஃபனி என்ற தேவியைத் தூக்கிக்கொண்டு போனது அவன் பேரில் உள்ள பெரிய பழி. அதற்கும் ஸீயஸின் சம்மதம் இருந்தது. ஹெராக்ளிஸ் கடைசி அருஞ்செயலாகக் காவல் நாய் செர்பெரஸைக் கேட்டு வரும்போது, ஆயுதம் இல்லாமல் அடக்கினால் கொண்டுபோ என்று நியாயமாகவே நடந்துகொள்கிறான்.

படத்தின் ஹேடிஸ் சிரிக்கவைக்கிறான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நீல நெருப்பாக எரியும் தலைமுடி, கோபம் வந்தால் சிவந்து வெடிக்கும் உடம்பு, மூச்சு விடாமல் பேசி ஆளை மடக்கும் தரகன் மாதிரியான வாய். குரல் கொடுத்த ஜேம்ஸ் உட்ஸின் வேகத்தையும் நிக் ரனியரி தலைமையில் வரைந்த அசைவையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. அனிமேஷன் வில்லன்களில் முதல் வரிசையில் வைக்கத் தகுந்தவன்.

இருந்தாலும் இது எனக்கு உறுத்தலான மாற்றம். செத்தவர்களின் உலகத்தை ஆள்பவன் தீயவனாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் கிரேக்கர்களுடையது கிடையாது. சாவு எல்லாருக்கும் வரும் ஒரு நியதி, அதைக் காப்பவன் ஹேடிஸ் என்பதுதான் அவர்கள் பார்வை. சொர்க்கம் நல்லவன் கையில், நரகம் கெட்டவன் கையில் என்ற பிற்காலக் கட்டத்துக்குள் அவனைத் தள்ளியதில் கிரேக்க மனம் சாவை எப்படிப் பார்த்தது என்பதே படத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

மெக் யார்? பிள்ளைகளோடு கொல்லப்பட்ட மெகாராவா?

பெயர் மட்டும்தான் மெகாராவிடமிருந்து வந்தது. அவளுடைய கதையின் உயிர் இன்னொரு பெண்ணுடையது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவள் அல்கெஸ்டிஸ்.

தெசலியில் ஃபெராய் நகரத்து அரசன் அட்மெட்டஸுக்குச் சாவு நெருங்குகிறது. அவனுக்குப் பதிலாக யாராவது மனமுவந்து சாக முன்வந்தால் அவன் பிழைக்கலாம் என்று அப்பல்லோ விதித் தேவியரிடம் வரம் வாங்கித் தருகிறான். வயதான அப்பா அம்மாகூட மறுத்துவிட, மனைவி அல்கெஸ்டிஸ் ஒப்புக்கொள்கிறாள். அவள் இறந்த அன்று ஹெராக்ளிஸ் அந்த வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறான். வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாத அட்மெட்டஸ் இழவை மறைத்து உள்ளே வைத்துக்கொள்கிறான். விவரம் தெரியாத ஹெராக்ளிஸ் மூக்குமுட்டச் சாப்பிட்டு, குடித்து, பாட்டுப் பாடிக் கூத்தடிக்கிறான். வேலைக்காரன் உண்மையைச் சொன்னதும் வெட்கம் தாங்காமல் கல்லறைக்குப் போய், சாவோடு மல்லுக்கட்டி, அவளை மீட்டுக் கொண்டுவருகிறான். யூரிப்பிடிஸ் கி.மு. 438இல் ஏதென்ஸில் மேடையேற்றிய நாடகம் இது.

இப்போது படத்தைப் பாருங்கள். மெக் தன் காதலன் உயிரைக் காப்பாற்றத் தன் ஆன்மாவை ஹேடிஸிடம் அடகு வைத்தவள். அவனோ பிழைத்து எழுந்து வேறொருத்தியோடு போய்விட்டான். அட்மெட்டஸைப் பற்றி யூரிப்பிடிஸ் மெல்லக் கேட்கும் கேள்வி, மனைவியைச் சாகவிட்டுப் பிழைத்தவன் எப்படிப்பட்ட மனிதன் என்பது. அதற்குப் படம் பச்சையாகவே பதில் சொல்லிவிடுகிறது. ஆண்களை நம்பாத மெக்கின் கூர்மையான பேச்சுக்கு இந்தக் காயம்தான் காரணம். பிறகு ஹெர்குலிஸ் மேல் விழவரும் தூணைத் தன்மேல் வாங்கி அவள் சாகிறாள். மறுபடியும் ஓர் ஆணுக்காகச் சாவு. இந்த முறை அவன் விட்டுப்போகாமல் பாதாளம் வரை தேடி வருகிறான். இந்த இடத்தில் படம் கிரேக்கக் கதையை ஆழமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளைக் கொன்ற கதையை எடுக்கமுடியாது என்று தெரிந்ததும், அதே ஹெராக்ளிஸின் வாழ்க்கையிலேயே குழந்தைகளுக்குச் சொல்லக்கூடிய ஒரு துயரம் இருக்கிறதா என்று தேடினால் கிடைப்பது அல்கெஸ்டிஸ்தான்.

பிள்ளைகளைக் கொன்ற பகுதியை நீக்கியது சரியா?

குடும்பப் படத்தில் அதைக் காட்டமுடியாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சான்றிதழோடு வந்த படம்.

ஆனால் அந்தக் கொலையோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது, அதுதான் பெரிய இழப்பு. புராண நாயகன் உழைப்பது பிராயச்சித்தமாக. திருத்தவே முடியாத ஒன்றைச் செய்துவிட்ட மனிதன் அதன்பிறகு எப்படி உயிர்வாழ்வது என்பது அவன் கதையின் மையம். பட நாயகன் உழைப்பது அப்பாவிடம் திரும்பிப் போக. அவன் எந்தத் தவறும் செய்யவில்லை, ஆகவே யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. தப்பு செய்துவிட்டு அதைச் சரிசெய்ய அலையும் ஒரு நாயகனைக் குழந்தைகளுக்குக் காட்டியிருக்க முடியும். கொலை தேவையில்லை. தன் பலம் தெரியாமல் யாருக்கோ பெரிய நஷ்டம் உண்டாக்கியவன் என்று வைத்தாலே போதும். படத்தின் தொடக்கத்தில் சிறுவன் ஹெர்குலிஸ் சந்தையையே இடித்துத் தள்ளும் காட்சி இருக்கிறது. ஊரார் அவனை ஒதுக்குகிறார்கள். அதற்குமேல் கதை அந்தப் பக்கம் போகவில்லை. போயிருக்கலாம்.

மூலக் கதையை மாற்றுவதே தவறு என்கிறார்களே?

மாறாத ஒரே மூலம் என்று கிரேக்கத்தில் எதுவும் இருந்ததில்லை. அப்பல்லோடோரஸ் பெயரில் கிடைக்கும் புராணத் தொகுப்பு நூலில், ஹெராக்ளிஸ் பிள்ளைகளைக் கொல்வது முதலில், அருஞ்செயல்கள் அப்புறம். மெகாராவும் உயிரோடு இருக்கிறாள். யூரிப்பிடிஸ் தன் ‘ஹெராக்ளிஸ்’ நாடகத்தில் வரிசையைத் தலைகீழாக்கினார். அதில் எல்லா அருஞ்செயல்களையும் முடித்து, குடும்பத்தைக் காப்பாற்றி, இனி நிம்மதி என்று மூச்சு விடும் நேரத்தில் பைத்தியம் பிடிக்கிறது, மனைவியும் சாகிறாள். பிராயச்சித்தம் என்ற ஆறுதலையே அவர் பிடுங்கிவிட்டார். தெய்வங்கள் நியாயமானவர்கள்தானா என்று பார்வையாளர்களைக் கேட்கவைக்கத்தான் அந்த மாற்றம்.

ஆக, மாற்றியதற்காக டிஸ்னியைக் குறை சொல்ல மாட்டேன். எதற்காக மாற்றினார்கள், மாற்றியபின் கிடைத்தது நல்ல கதையா என்று மட்டும் கேட்பேன்.

இவ்வளவு விளையாட்டாக எடுத்தது புராணத்துக்கு அவமரியாதை ஆகாதா?

ஹெராக்ளிஸை வைத்து முதலில் சிரித்தவர்கள் ஏதென்ஸ்காரர்கள். கி.மு. 405இல் அரிஸ்டோஃபனிஸ் எழுதிய ‘தவளைகள்’ நாடகத்தில், டயோனைசஸ் தெய்வம் மஞ்சள் ஆடைக்கு மேலே சிங்கத்தோலைப் போர்த்திக்கொண்டு ஹெராக்ளிஸ் வேடத்தில் பாதாளத்துக்குக் கிளம்புகிறது. உண்மையான ஹெராக்ளிஸ் அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கமுடியாமல் தவிக்கிறான். அதே ஆசிரியரின் ‘பறவைகள்’ நாடகத்தில், தெய்வங்களின் தூதராகச் சமாதானம் பேச வந்தவன் இறைச்சி வறுபடும் வாசனையில் மயங்கிக் கட்சி மாறத் தயாராகிறான். இவை தெய்வ விழாவில், ஊரே கூடியிருக்க நடந்த நாடகங்கள். மேலே சொன்ன ‘அல்கெஸ்டிஸ்’கூட, மூன்று சோக நாடகங்களுக்குப் பிறகு வழக்கமாகக் கேலி நாடகம் நடக்கும் நான்காவது இடத்தில் போடப்பட்டது. அழுகையும் சிரிப்பும் ஒரே ஹெராக்ளிஸிடம் சேர்ந்திருப்பது 2,400 ஆண்டுப் பழக்கம்.

எல்லாக் கிரேக்கர்களும் படத்தை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏதென்ஸில் பழைய மக்கள் மன்றம் கூடிய ப்னிக்ஸ் குன்றில் படத்தைத் திறந்தவெளியில் திரையிட டிஸ்னி விரும்பியது. கிரேக்கப் பத்திரிகைகளில் படத்துக்கு எதிர்ப்பு இருந்தது. அரசு அனுமதி தரவில்லை. தன் முன்னோர் கதையை வெளிநாட்டு நிறுவனம் பொம்மையும் செருப்புமாக விற்பதைப் பார்க்கும் ஒருவருக்கு வரும் வருத்தம் நியாயமானது. படமே அந்த விற்பனையைக் கிண்டல் செய்கிறது. புகழ் பெற்ற ஹெர்குலிஸ் பெயரில் செருப்பும் பானமும் பொம்மையும் விற்கிறார்கள், அவ்வளவு புகழும் அவனை வீரனாக்கவில்லை என்று அப்பா சொல்கிறார். அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

கதை சொல்ல ஐந்து பாடகிகள் வருகிறார்களே, அது எங்கிருந்து?

அவர்கள் மியூஸ்கள், கலைகளின் தேவியர். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்லும் கணக்கில் 9 பேர். படம் 5 பேரை எடுத்துக்கொண்டது. ஆனால் அவர்கள் செய்யும் வேலை கிரேக்க நாடகத்தின் கோரஸ் செய்த வேலை. மேடையில் கூட்டமாக நின்று ஆடிப் பாடி, கதையைச் சொல்லி, நடந்ததற்குக் கருத்தும் சொல்லும் குழு அது.

படம் கம்பீரமான ஓர் ஆண் குரலில் தொடங்குகிறது. சார்ல்டன் ஹெஸ்டனின் குரல். நாலு வரி போவதற்குள் மியூஸ்கள் குறுக்கே புகுந்து, கதையை எங்களிடம் விடு என்று வாங்கிக்கொள்கிறார்கள். அப்புறம் அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் இசை. கை தட்டி, ஒருவர் பாட மற்றவர்கள் ஏற்றுப் பாடும் அந்த முறைதான் பழைய கோரஸுக்கு இன்றைய மேடையில் மிக நெருக்கமான உயிருள்ள வடிவம் என்று நினைக்கிறேன். ஏதென்ஸ் கோரஸின் மெட்டுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அது ஊரோடு கூடிப் பாடிய பாட்டு என்பது மட்டும் தெரியும். அந்த ஊர்க்கூட்டத்தின் உற்சாகத்தை இந்தப் படம் பிடித்துவிட்டது.

படத்தில் எல்லாம் சுருள் சுருளாக, கூர் கூராக வரையப்பட்டிருப்பது ஏன்?

பிரிட்டிஷ் கேலிச்சித்திரக்காரர் ஜெரால்ட் ஸ்கார்ஃபை உருவ வடிவமைப்புக்கு அழைத்தார்கள். அரசியல்வாதிகளைக் கிழித்துத் தொங்கவிட்ட கோடு அவருடையது. நீளும், வளையும், திடீரென்று முள்ளாக முடியும். அதோடு கிரேக்க மண்பாண்டங்களில் கறுப்பும் செம்மண் நிறமுமாக வரைந்த பக்கவாட்டு உருவங்களும் சேர்ந்தன. மியூஸ்களே ஒரு ஜாடியிலிருந்து உயிர்பெற்று இறங்கி வருகிறார்கள். அந்தப் பாண்டங்களில் மிக அதிகம் வரையப்பட்ட வீரன் ஹெராக்ளிஸ் என்பதால் இந்தத் தேர்வு பொருத்தமாகவே அமைந்தது.

12 அருஞ்செயல்களும் படத்தில் இருக்கின்றனவா?

முழுதாகக் காட்டப்படுவது ஹைட்ரா என்ற பல தலைப் பாம்போடு நடக்கும் சண்டை ஒன்றுதான். மற்றவற்றில் சில ஒரே பாட்டுக்குள் ஓடி மறைகின்றன. ஹைட்ராவின் தலைகள் வெட்ட வெட்டப் பெருகுவதால் கணினியில் உருவாக்கி, கையால் வரைந்த ஹெர்குலிஸோடு இணைத்தார்கள். புராணத்தில் தம்பி மகன் முறையான அயோலாஸ் வெட்டிய கழுத்துகளைத் தீயால் சுட்டு உதவுகிறான். படத்தில் உதவிக்கு ஆள் இல்லை. மலைப் பாறையைச் சரித்து ஒரேயடியாகப் புதைக்கிறான். யானைப் பலம் இருந்தும் தனியாக முடியாத வேலை என்பதுதான் பழைய கதையின் சுவை, அது போய்விட்டது.

பெகாசஸ், ஃபில், ஒற்றைக்கண் கிழவிகள் எல்லாரும் ஹெராக்ளிஸ் கதையில் உண்டா?

பெகாசஸ் மெடூசாவின் ரத்தத்தில் பிறந்த குதிரை, ஏறியவன் பெல்லரோஃபோன். ஒரு கண்ணை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் கிழவிகள் பெர்சியஸ் கதையில் வரும் கிரையாக்கள். படம் அவர்களை விதித் தேவியரோடு கலந்துவிட்டது. ஃபில் என்பது ஃபிலோக்டெட்டிஸின் சுருக்கம். புராணத்தில் அவன் ஆட்டுக்கால் குரு கிடையாது, ஹெராக்ளிஸின் சிதைக்குத் தீ வைத்து அவன் வில்லைப் பெற்ற வீரன். பழைய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களோடு ஒலிம்பஸ் தெய்வங்கள் செய்த போர் ஹெராக்ளிஸ் பிறப்பதற்கு வெகு முன்னால் நடந்தது. ஆனால் பின்னால் ராட்சதர்களோடு நடந்த போரில் அவன் உதவியில்லாமல் தெய்வங்கள் வெல்லமுடியாது என்று ஒரு வாக்கு இருந்தது. படத்தின் உச்சக்கட்டத்துக்கு அதுதான் வேர்.

தெய்வ வாழ்வை மறுக்கும் முடிவு கிரேக்கக் கதைக்கு ஒத்துப்போகிறதா?

ஹெராக்ளிஸின் கதைக்கு நேர் எதிர். துன்பப்பட்டுத் தெய்வமானவன் என்பதற்காகவே கிரேக்கர்கள் அவனைக் கும்பிட்டார்கள். ஆனால் சாகாவரம் வேண்டாம் என்று சொன்ன இன்னொரு வீரன் அவர்களிடம் இருக்கிறான். கலிப்சோ தேவதை, என்னோடு இருந்தால் மூப்பும் சாவும் இல்லை என்று சொன்னபோது, ஒடிசியஸ் கடற்கரையில் உட்கார்ந்து வீட்டையும் மனைவியையும் நினைத்து அழுதான். ஹோமரின் ‘ஒடிசி’யில் 5ஆம் பகுதி. படத்தின் முடிவு அந்த மரபில் நிற்கிறது. அமெரிக்கக் காதல் படத்தின் முடிவு என்று மட்டும் இதைத் தள்ளிவிடக் கூடாது.

படம் ஓடியதா?

உலகம் முழுக்கச் சுமார் 25 கோடி டாலர் வசூல். 1994இன் ‘லயன் கிங்’ அளவோடு ஒப்பிட்டு அன்று ஏமாற்றம் என்றார்கள். ஒரு பாடல் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அந்த ஆண்டு ‘டைட்டானிக்’ பாட்டு பரிசை வாங்கிக்கொண்டது. 2019இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் மேடை நாடகமாகவும் வந்தது.

இதேபோல ஒரு புராணத்தைக் குழந்தைகள் படமாக எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

அந்தக் கதையின் எல்லாப் பழைய வடிவங்களையும் படியுங்கள். ஒரு சுருக்கத்தை மட்டும் படித்து எழுதினால் வெட்டத்தான் தோன்றும். பல வடிவங்களைப் படித்தால் வெட்டிய இடத்தில் வைக்க வேறொன்று கைக்குக் கிடைக்கும், அல்கெஸ்டிஸ் கிடைத்ததுபோல. பிறகு, நாயகன் எதை இழக்கிறான் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அந்த இழப்பு மட்டும் படத்தில் இருந்தே ஆகவேண்டும். எவ்வளவு பாட்டும் கேலியும் வைத்தாலும் அதைத் தாங்கும். இழப்பையும் மென்மையாக்கிவிட்டால் மிச்சம் இருப்பது வேடிக்கை மட்டும்தான்.

படம் பார்த்துவிட்டுக் குழந்தை “நிஜக் கதை இதுதானா?” என்று கேட்டால்?

இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஏழெட்டு வயது என்றால் பாம்புகளை அனுப்பியது ஹேரா என்றும், ஹைட்ராவை வெல்ல அயோலாஸ் உதவினான் என்றும், செர்பெரஸைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கிக் கொண்டுவந்து திருப்பி விட்டார்கள் என்றும் சொல்லலாம். அந்தக் கடைசி விஷயம் குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். அந்த நாயைக் கண்டு பயந்துபோன யூரிஸ்தியஸ், இதற்குமுன் எரிமந்தியக் காட்டுப்பன்றியைத் தோளில் சுமந்து வந்தபோதே பெரிய ஜாடிக்குள் குதித்து ஒளிந்துகொண்டவன். அந்தக் காட்சியைக் கிரேக்கர்கள் பாண்டங்களில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். இணையத்தில் தேடி அந்தப் படத்தைக் காட்டுங்கள். பதின்வயது வந்ததும் மெகாராவின் கதையைச் சொல்லலாம், யூரிப்பிடிஸ் நாடகத்தின் மொழிபெயர்ப்பையும் கையில் கொடுக்கலாம்.